எஞ்சின் மாற்றிய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன விலை சொல்வது?

கேள்வி: மறைந்த அப்பாவின் 1969-ஆம் வருட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் கூரையைக் கழற்றி, இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஆக்கி, மாருதி எஸ்டீம் எஞ்சின் போட்டிருக்கிறேன். செலவு 9 லட்சம். பழைய எஞ்சினும் கூரையும் ஒத்தக்கடை பட்டறையில் கிடக்கின்றன. ஆர்.சி. அப்பா பெயரில்தான் இருக்கிறது. கொச்சிக்காரர் ஒருவர் 6 லட்சத்துக்குக் கேட்கிறார். விண்டேஜ் கார் என்று விளம்பரம் போட்டால் 10 வரை போகும் என்கிறார் புரோக்கர். எவ்வளவு சொல்லலாம்? - வாசகர், கே.கே. நகர், மதுரை

பதில்: புரோக்கர் சொன்னதை இன்றோடு விட்டுவிடுங்கள். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் பதிவு என்று தனியாகவே கொண்டுவந்துவிட்டார்கள். முதல் பதிவாகி 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. வயது உங்கள் காருக்கு இருக்கிறது, மாற்றம் கூடாது என்ற நிபந்தனைக்குத்தான் பொருந்தாது. அது தெரிந்தும் விண்டேஜ் என்று சொல்லி 10 லட்சம் வாங்கினால், ஒப்பந்தச் சட்டம் 17, 19 பிரிவுகளின்படி வாங்கியவர் விற்பனையை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். விளம்பரத்தை எழுதியது புரோக்கராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டு விற்பவர் நீங்கள்தான்.

உண்மையான சிக்கல் எஞ்சினில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு, அதாவது ஆர்.சி.யில் இருப்பதற்கு, முரணாக வண்டியை மாற்றக்கூடாது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். அனுமதி இல்லாமல் எஞ்சின் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். நீங்கள் தெரிவித்ததாக எழுதவில்லை. ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போதும், வண்டி கேரளா போய் மறுபதிவுக்கு நிற்கும்போதும் எஞ்சின் நம்பரைப் பார்ப்பார்கள், பொருந்தாது என்றால் வண்டி அங்கேயே நிற்கும். அப்போது 6 லட்சம் கொடுத்தவர் யாரிடம் வருவார்?

அதனால் என் கருத்து, இப்போது விலையே சொல்லாதீர்கள், முதலில் பழைய எஞ்சினையும் கூரையையும் திரும்ப மாட்டுங்கள். பழைய எஞ்சினைப் பட்டறையில் வைத்திருக்கிறீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள், இந்தக் காரில் அதிக மதிப்புள்ள பொருள் அதுதான். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ், கூரையும் போல்ட் போட்டு மாட்டியதுதான், வெட்டாமல் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டுவது பெரிய வேலை இல்லை. சென்னையில் தயாரான கார், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த வடிவம், ஆர்.சி.யோடு பொருந்தும் எஞ்சின் என்று இருந்தால் சேகரிப்பாளர்கள் தேடி வருவார்கள். 6 லட்சத்துக்கு மேல் நீங்கள் நிமிர்ந்து நின்று கேட்கலாம். எஸ்டீம் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தனியாக விற்றுக்கொள்ளுங்கள். 9 லட்சம் செலவானது எனக்கும் வருத்தம்தான், ஆனால் நீங்கள் போட்ட செலவை வாங்குகிறவர் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டியின் மதிப்பாகக் காட்டியிருக்கும் ஐ.டி.வி.யும் உதவாது, ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அது கம்பெனியும் நீங்களும் பேசி வைக்கிற தொகை. லைசென்ஸ் உள்ள இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்.

அப்புறம், இந்தக் கார் உங்களுடையது மட்டும் இல்லை. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா தங்கை, அண்ணன் தம்பி எல்லாருக்கும் சம பங்கு. பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, இருந்தால் அவருக்கும். நீங்கள் போட்ட 9 லட்சத்தை எப்படிக் கழிப்பது என்று விற்ற பிறகு பேசினால் சண்டையில்தான் முடியும், இப்போதே உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்து, மற்றவர்களின் சம்மதக் கடிதத்தோடு படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய புத்தக ஆர்.சி. என்றால் அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் ஏறியிருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தது என்றும் பாருங்கள். அதன் பிறகுதான் விற்பனைக்கு 29, 30 படிவங்கள், கேரளா போக என்.ஓ.சி.க்கு (தடையில்லாச் சான்றுக்கு) படிவம் 28.

ஆர்.சி. வாங்குகிறவர் பெயருக்கு மாறாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நத்தம் மேம்பாலத்தில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டால்கூட இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நீங்களும் கூடப் போங்கள்.

பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே தொகையை வருமான வரித்துறை அபராதமாகக் கேட்கும். சொந்த உபயோகக் காரை விற்றதில் வரும் லாபத்துக்கு வரி இல்லை, ஆனால் சொந்த உபயோகம் என்று காட்ட வேண்டும். 1931 ஃபோர்டு கார் ஒன்றை விற்ற வழக்கில் அதைக் காட்ட முடியாததால் வரி உண்டு என்று பாம்பே உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. அப்பா காலத்து சர்வீஸ் பில், இன்சூரன்ஸ் தாள், குடும்பத்தோடு காரில் போன போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கொச்சிக்காரர் மாற்றிய வண்டியேதான் வேண்டும் என்று நின்றால், எஞ்சின் நம்பர் ஆர்.சி.யோடு பொருந்தாது, கூரை கழற்றப்பட்டது, மறுபதிவு கிடைக்கும் என்று விற்பவர் உறுதி தரவில்லை, இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி, பழைய எஞ்சினையும் கூரையையும் சேர்த்தே கொடுத்து, அவர் கையெழுத்தோடு 6 லட்சத்துக்கு முடியுங்கள். அதிலும் உங்கள் மேல் வரக்கூடிய 182ஏ பிரச்சினை தீராது. பழைய எஞ்சினை மாட்டி விற்கும் முதல் வழியைத்தான் நான் சொல்வேன்.