மவுஸைத் தொடாமல் கிளிப்புகளை (வீடியோத் துண்டுகளை) டிரிம் செய்ய, அதாவது அவற்றின் ஓரங்களை வெட்டிச் சீராக்கப் பழகுவது உண்மையிலேயே பயன் தருமா? எங்கிருந்து தொடங்குவது?

பயன் தரும், ஆனால் வேகத்தை அதன் முதல் பயனாக நான் சொல்லமாட்டேன். கிருஷ்ணகிரியில் திருமண வீடியோக்களையும் நேர்காணல்களையும் எடிட் செய்வதாகவும், ஒவ்வொரு கிளிப்பின் ஓரத்தையும் மவுஸால் பிடித்து இழுப்பதிலேயே நாள் போய்விடுவதாகவும், பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் ஆகிய இரண்டு எடிட்டிங் மென்பொருள்களிலும் வேலை செய்ய வேண்டியிருப்பதாகவும் கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் தருமபுரியில் இதே தொழிலில் இருப்பவன். திருமணம், காதுகுத்து ஆகியவற்றோடு, திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தின் பதிவுகளையும் எடிட் செய்து தருகிறேன். எனவே இந்த வட்டாரத்து வேலைகளை வைத்தே பதில் சொல்கிறேன்.

மவுஸால் ஓரத்தை இழுக்கும்போது வீடியோ ஓடுவதில்லை; நின்றுபோன ஒரு படத்தையும் கீழே தெரியும் ஒலி அலையின் வடிவத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். விசைப்பலகையில் வேலை செய்யும்போது வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது, காது கேட்டுக்கொண்டிருக்கிறது, வெட்டு விழ வேண்டிய இடம் வந்ததும் விரல் அழுந்துகிறது. பார்ப்பவர் அந்த வீடியோவை ஓட்டத்தில்தான் பார்க்கப்போகிறார் என்பதால், ஓட்டத்தில் எடுத்த முடிவு பெரும்பாலும் சரியாகவே அமைகிறது. மணிக்கட்டு வலி குறைவதும் நேரம் மிச்சமாவதும் இதைத் தொடர்ந்து வருபவை.

முதலில் பழக வேண்டியவை ஜே, கே, எல் ஆகிய மூன்று விசைகள். எல் முன்னே ஓட்டும், ஜே பின்னே ஓட்டும், கே நிறுத்தும். எல் விசையை மறுமுறை அழுத்தினால் வேகம் கூடும். இதுவரை பெரும்பாலோர் அறிந்ததுதான். பலர் கவனிக்காமல் விடுவது, கே விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே எல் அல்லது ஜே விசையையும் பிடித்தால் வீடியோ மெதுவாக ஊர்ந்து செல்லும் என்பதும், கே பிடித்தபடி எல் விசையை ஒருமுறை தட்டினால் ஒரே ஒரு பிரேம் (வீடியோவின் ஒரு தனிப்படம்) மட்டும் நகரும் என்பதும்தான். நம் ஊர்ப் பதிவுகளில் வழக்கமாக உள்ள 25 பிரேம் வேகத்தில் ஒரு பிரேம் என்பது ஒரு நொடியில் 25இல் ஒரு பங்கு, அதாவது 40 மில்லிநொடி. காது இந்த அளவு நுணுக்கத்தை உணரும் என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. பேச்சை வெட்டிப் பார்த்தால் நம்புவார்கள்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். போச்சம்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவரின் நேர்காணலை எடிட் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘இந்த வருசம் பூ நல்லாத்தான் வந்துச்சுங்க’ என்று அவர் சொல்லி முடிக்கிறார். அந்தக் கடைசி ‘ங்க’ மிக மெல்லிய குரலில், மூச்சோடு கரைந்து போகும். ஒலி அலையில் ‘வந்துச்சு’ வரைதான் மேடு தெரியும்; அதன் பிறகு கிட்டத்தட்ட நேர்க்கோடு. கண்ணை நம்பி மேடு முடியும் இடத்தில் வெட்டினால் ‘ங்க’ பாதியில் அறுபட்டு, மரியாதையாகப் பேசிய மனிதர் வெடுக்கென்று பேசியதுபோல ஆகிவிடும். ‘போனோம்’, ‘பார்த்தோம்’ என்று முடியும் வாக்கியங்களிலும் இறுதி ‘ம்’ இதே கதிக்கு ஆளாகிறது. கே பிடித்து எல் தட்டி, அந்த ஒலி முற்றிலும் அடங்கும் பிரேமைக் காதால் கண்டறிந்து, அதற்கும் இரண்டு மூன்று பிரேம் தள்ளி வெட்டுங்கள். தமிழ்ப் பேச்சை வெட்டுகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்தது, பிளேஹெட் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் இப்போதைய இடத்தைக் காட்டும் கோடு) நிற்கும் இடம்வரை கிளிப்பைக் குறைக்கும் கட்டளைகள். பிரீமியர் புரோவில் கியூ விசையை அழுத்தினால், முந்தைய வெட்டிலிருந்து பிளேஹெட் வரை உள்ள பகுதி நீங்கி, இடைவெளியும் தானாக மூடிக்கொள்ளும். டபிள்யூ விசை பிளேஹெட்டிலிருந்து அடுத்த வெட்டுவரை உள்ள பகுதியை அதே முறையில் நீக்கும். ரேசர் கருவியால் வெட்டி, துண்டைத் தேர்ந்தெடுத்து, அழித்து, இடைவெளியை மூடும் நான்கு செயல்கள் ஒரே அழுத்தத்தில் முடிகின்றன. நீண்ட நேர்காணலை முதல்முறை சீர்ப்படுத்தும்போது இடக்கை கியூ, டபிள்யூ மீதும், வலக்கை ஜே, கே, எல் மீதும் இருந்தால் போதும். கேட்டுக்கொண்டே போகலாம், வேண்டாதது வரும்போது தள்ளிக்கொண்டே போகலாம். ரிசால்வில் இதே வேலையைக் கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடது சதுர அடைப்புக்குறி அல்லது வலது சதுர அடைப்புக்குறி விசையை அழுத்திச் செய்ய வேண்டும். கன்ட்ரோலை விட்டுவிட்டு ஷிப்ட் மட்டும் பிடித்தால் கிளிப் குறையும், இடைவெளி அப்படியே நிற்கும். மூன்று விசைகளை ஒருசேர அழுத்துவது நாள் முழுவதும் செய்யத்தக்கதன்று என்பதால், கன்ட்ரோல், ஆல்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்தித் திறக்கும் குறுக்குவிசைப் பலகையில் இவற்றை ஒற்றை விசைகளுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ரிசால்வில் டபிள்யூ விசை ஏற்கெனவே டைனமிக் டிரிம் என்னும், பின்னால் விளக்கப்போகும் வசதிக்கு ஒதுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அது விலைமதிப்புள்ள வசதி, அதற்கு வேறு விசை கொடுக்காமல் அழித்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். இடைவெளியை மூடும் எந்த டிரிம்மும், அதாவது ரிப்பிள் டிரிம், அதற்குப் பின்னால் இருப்பவற்றை நகர்த்தும். திருமண வீடியோவில் கீழ்த் தடத்தில் (டிராக்) நாதஸ்வரமோ பாட்டோ முழு நீளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தால், கியூ அழுத்தும் முன் அந்தத் தடத்தின் பூட்டுக் குறியை அழுத்திப் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் பாட்டும் வெட்டுப்படவோ நகரவோ கூடும். மாங்கல்யதாரணத்தை இரண்டு கேமராக்களில் எடுத்து மேலும் கீழுமாக அடுக்கியிருக்கும் இடத்திலோ நிலைமை நேர்மாறானது: அங்கே ஒரு தடத்தைப் பூட்டினால் மற்றது மட்டும் நகர்ந்து, தாலி கட்டும் கணம் இரண்டு படங்களிலும் வேறு வேறு நேரத்தில் வரும். எந்தத் தடங்கள் சேர்ந்து நகர வேண்டும், எவை அசையக் கூடாது என்பதை டிரிம் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

மூன்றாவது, வெட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பிரேம் பிரேமாக நகர்த்துவது. என் அனுபவத்தில் நல்ல எடிட்டிங் இந்த நிலையில்தான் உருவாகிறது. முன் சொன்ன இரண்டும் இதற்கான களையெடுப்புதான். மேல் அம்பும் கீழ் அம்பும் இரண்டு மென்பொருள்களிலும் முந்தைய, அடுத்த வெட்டுகளுக்குத் தாவும். வெட்டின்மேல் வந்து நின்றதும் பிரீமியரில் ஷிப்ட், டி சேர்த்து அழுத்தினால் டிரிம் நிலை திறக்கும். கன்ட்ரோல் பிடித்து இடது அல்லது வலது அம்பை அழுத்தினால் வெட்டு ஒரு பிரேம் நகரும்; ஷிப்டையும் சேர்த்தால், அமைப்பை மாற்றாதவரை, ஐந்து பிரேம் நகரும். ரிசால்வில் வி விசை அருகில் உள்ள வெட்டைத் தேர்ந்தெடுக்கும், கமாவும் முற்றுப்புள்ளியும் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தும், யூ விசை வெட்டின் இடப்பக்கம், வலப்பக்கம், இரண்டும் என மாறி மாறித் தேர்ந்தெடுக்கும். ஒரு பக்கத்தை மட்டும் நகர்த்தும்போது டி விசையை அழுத்தி டிரிம் நிலையில் இருந்தால் இடைவெளி மூடும்; ஏ விசைக்குரிய சாதாரணத் தேர்வு நிலையில் மூடாது.

இரண்டு பக்கமும் சேர்ந்து நகர்வதுதான் ரோல். முதல் கிளிப் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு அடுத்தது குறையும். மொத்த நீளம் மாறாது, பின்னால் உள்ள எதுவும் அசையாது. தாளத்தோடு கட்டுண்ட பதிவுகளுக்கு ரோல் மட்டுமே பொருந்தும் என்று நான் கருதுகிறேன். தெருக்கூத்தில் வேடம் கட்டியவர் ஒரு பாட்டடியைப் பாடி முடித்ததும் பின்பாட்டுக்காரர்கள் அதை ஏந்திக்கொள்வார்கள். அந்த நேரத்தில் வேடக்காரர் சுழன்று ஆடுவார். இரண்டு கேமராவில் எடுத்திருந்தால், பாடும் முகத்தின் அண்மைக் காட்சியிலிருந்து ஆட்டம் முழுவதும் தெரியும் அகன்ற காட்சிக்கு மாற வேண்டிய இடம் இதுவே. பின்பாட்டு தொடங்கும் அடியிலேயே வெட்டு விழுந்தால், உடல் திரும்பத் தொடங்கியதை அண்மைக் காட்சி ஏற்கெனவே காட்டியிருக்கும். அகன்ற காட்சி பிந்திப்போனதுபோலத் தெரியும். வெட்டை ரோலில் இரண்டு, மூன்று பிரேம் முன்கூட்டியே வரும்படி நகர்த்தி, தோள் அசையத் தொடங்கும் பிரேமில் வைத்தால், மாறியதே தெரியாமல் கண் ஆட்டத்தைப் பின்தொடரும். மிருதங்கமும் முகவீணையும் ஓடும் ஒலித்தடம் இதில் ஒரு மில்லிநொடியும் நகர்வதில்லை. ரிப்பிளில் இதைச் செய்தால் அந்த இரவு முழுவதும் தாளம் தவறிப்போகும்.

நகர்த்திய வெட்டை உடனே சரிபார்க்க, பிரீமியரில் ஷிப்ட், கே. ரிசால்வில் சாய்கோட்டு விசை. இரண்டும் வெட்டுக்குச் சற்று முன்னிருந்து சற்றுப் பின்வரை ஓட்டிக் காட்டும். வெட்டுகிற இடத்தில் மட்டும் பார்க்காமல், வந்து சேரும் ஓட்டத்தோடு பார்ப்பது முக்கியம்.

டைனமிக் டிரிம் என்று முன்பே குறிப்பிட்டேன். பிரீமியரில் டிரிம் நிலையிலும், ரிசால்வில் டபிள்யூ அழுத்திய பிறகும், ஜே, கே, எல் விசைகள் பிளேஹெட்டை ஓட்டுவதற்குப் பதிலாக வெட்டையே ஓட்டிச் செல்லும்; கே அழுத்தி நிறுத்திய இடம் புதிய வெட்டாகும். பேச்சைக் கேட்டபடியே ‘இங்கே’ என்று நிறுத்துவதற்கு இதைவிட நேரடியான வழியை நான் பார்த்ததில்லை. முதலில் கை தடுமாறும் என்பது உண்மை.

படத்தையும் ஒலியையும் வேறு வேறு இடத்தில் வெட்டுவதும் விசைப்பலகையிலேயே முடியும். ரிசால்வில் வெட்டைத் தேர்ந்தெடுத்தபின் ஆல்ட், யூ சேர்த்து அழுத்தினால், படம் ஒலி இரண்டும், படம் மட்டும், ஒலி மட்டும் என்று தேர்வு மாறும். படத்தை மட்டும் தேர்ந்து, வெட்டு தாமதமாக வரும்படி ரோலில் நகர்த்தினால், அடுத்தவர் பேசத் தொடங்கிய பிறகும் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம் திரையில் நிற்கும். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பேசிக்கொள்ளும் காட்சிகளில் கேட்பவரின் முகம்தான் கதை சொல்கிறது. எல்லா வெட்டுகளிலும் படமும் ஒலியும் ஒரே இடத்தில் மாறினால் உரையாடல் கேள்வித்தாள்போல ஆகிவிடும்.

எருது விடும் விழாவின் தொகுப்பு போன்ற வேலைகளுக்கு ஸ்லிப் உதவும். தாளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு கிளிப்பின் இடமும் நீளமும் முடிவாகிவிட்ட பிறகு, அந்த நீளத்துக்குள் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதை மட்டும் மாற்றுவது ஸ்லிப். பிரீமியரில் கிளிப்பைத் தேர்ந்து கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்து அம்பு விசைகளை அழுத்தினால், வாடிவாசலிலிருந்து மாடு வெளியே பாயும் கணத்தைப் பறையடி விழும் பிரேமில் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தலாம்.

இவை எல்லாம் சீராக நடக்க, வீடியோ தடங்கலின்றிப் பின்னேயும் முன்னேயும் ஓட வேண்டும். செல்போனில் எடுத்த, மிகுதியாகச் சுருக்கப்பட்ட எச்.265 கோப்புகள் பழைய கணினியில் ஜே அழுத்தியதும் திணறும். வேலை தொடங்கும் முன் பிராக்ஸி, அதாவது எளிதாக ஓடும் இலகுவான நகல் கோப்புகளை, உருவாக்கிக்கொள்ளுங்கள். பிரேம் வேகம் நிலையாக இல்லாத செல்போன் பதிவாக இருந்தால், நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு டைம்லைனில் இடுவது நல்லது. இல்லையேல் ஒலி நழுவிப்போகக்கூடும்.

பெயர்த் தலைப்புகளைத் தமிழில் தட்டச்சு செய்தபின் தமிழ் 99 விசைப்பலகை அமைப்பு இயங்கிக்கொண்டே இருந்தால், கியூவும் டபிள்யூவும் வேலை செய்யாமல் போகலாம். மென்பொருள் பழுதாகிவிட்டது என்று எண்ணி மூடித் திறப்பதற்கு முன், உள்ளீட்டு மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் சேர்ந்தால் மொழி மாறும்.

இரண்டு மென்பொருளுக்கும் இரண்டு விதமான விசைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ரிசால்வின் குறுக்குவிசைப் பலகையில் பிரீமியர் புரோவின் அமைப்பு ஆயத்தமாகவே இருக்கிறது. அதைத் தேர்ந்து, மேலே சொன்னவற்றை மட்டும் ஒப்பிட்டுச் சரிசெய்தால், ஒரே விரல் பழக்கம் இரண்டிலும் செல்லும். பிற ஸ்டுடியோக்களின் கணினிகளில் உட்கார்ந்து வேலை செய்ய நேர்ந்தால், உங்கள் அமைப்பை ரிசால்விலிருந்து ஏற்றுமதி செய்தும், பிரீமியரின் விசை அமைப்பைக் கொண்ட கே.ஒய்.எஸ். கோப்பை நகலெடுத்தும் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். போய் அமர்ந்ததும் முதலில் அந்தக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் அமைப்பை வேறு பெயரில் சேமித்துவிட்டு, பிறகு உங்களுடையதை ஏற்றுங்கள். கிளம்பும்போது அவர்களுடையதைத் திரும்ப வைத்துவிடுங்கள்.