ஜென்வியேவ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் நிறுவனத்தின் பாரிஸ் கிளையில் ஜென்வியேவ் என்று ஒரு மூத்த அம்மையார் இருக்கிறார். பெயருக்குப் பொருள் தேடினேன், 'வெள்ளை அலை' என்று வந்தது. அவரிடமே சொன்னேன். "அது ஜெனிபர்" என்று சிரித்துவிட்டார். இரண்டும் ஒன்றில்லையா?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

அவர் சிரித்தது நியாயம்தான். ஆர்தர் மன்னன் கதையில் வரும் ராணி கினவீரின் பெயர் இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் திரிந்து ஜெனிபர் ஆனது. 'வெள்ளை' அங்கிருந்து வருகிறது, வேல்ஸ் மொழியின் 'க்வென்'. குழந்தைப் பெயர்ப் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒலி கொஞ்சம் ஒத்துப்போனால் போதும்.

ஜென்வியேவ், லத்தீனில் ஜெனொவேஃபா. முன்பாதி 'குலம்', பின்பாதி 'பெண்' என்று ஜெர்மானிய வேர் சொல்வார்கள். பின்பாதி ஒலி விதிக்குச் சரியாக உட்காரவில்லை. வேல்ஸ் மொழி சேர்ந்த கெல்டிக் குடும்பத்துப் பெயர் என்று வாதிடுவோரும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் பாரிஸின் காவல் புனிதைதான் ஞாபகம் வருவார். 420 வாக்கில் நாந்தேரில் பிறந்தவர். 451ல் ஹூணர்களின் மன்னன் அத்திலா வருகிறான் என்று ஊரே மூட்டை கட்டியபோது, ஓடாதீர்கள் என்று நிறுத்தினார். அத்திலா பாரிஸை விட்டுவிட்டு ஓர்லெயான் பக்கம் போனான். அப்புறம் ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் நகரை வளைத்துப் பட்டினி போட்டபோது, சேன் நதியில் படகு விட்டுத் தானியம் கொண்டுவந்தார் என்கிறது அவருடைய சரிதம். எனக்குப் பிடித்தது இந்தப் படகுதான். அத்திலா வழிமாறியதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், தானியம் தானாக வராது.

பாரிஸ் போனால் பாந்தியோனைப் பாருங்கள். 15ஆம் லூயி 1744ல் நோயில் விழுந்து பிழைத்ததற்கு நேர்த்திக்கடனாக இந்தப் புனிதைக்குக் கட்டிய கோயில் அது. 1791ல் புரட்சி அதை நாட்டின் பெரியவர்களுக்கான நினைவிடமாக்கியது. 1793ல் புனிதையின் எலும்புகளையும் எரித்தார்கள். 2015ல் அதே கட்டடத்துக்குள் இன்னொரு ஜென்வியேவ் வந்தார். பிரான்ஸின் அதிபராக இருந்த தெ கோலின் அண்ணன் மகள், நாஜிகளின் ராவன்ஸ்ப்ரூக் முகாமிலிருந்து மீண்டவர். கணவர் அருகே புதைத்திருந்த அவர் உடலை எடுக்கக் குடும்பம் சம்மதிக்கவில்லை. கல்லறை மண்ணைத்தான் பெட்டியில் வைத்துச் சுமந்து வந்தார்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். வீண்பழி சுமந்து, காட்டில் குழந்தையோடு பிழைத்த பிரபான்ட் நாட்டு ஜென்வியேவின் கதைதான் 1953ல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த 'ஜெனோவா'. அம்மையாரிடம் அடுத்த தடவை இதைச் சொல்லிப் பாருங்கள்.