சென்னையில் வருஷம் முழுக்க விழா பார்த்தவர்கள் ராமநாதபுரம் கடற்கரைக்கு எந்தத் திருவிழாவுக்கு வரலாம்?

கேட்டவர் சென்னையில் இருக்கிறார். மார்கழியில் சபாக் கச்சேரி, ஜனவரியில் புத்தகக் காட்சி, பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே தேதி குறித்து வைத்துக்கொண்டு போகிறவர். எங்கள் பக்கத் திருவிழாக்களுக்கும் அப்படி ஒரு அட்டவணை கிடைக்குமா, டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு வரலாமா என்பது கேள்வி. நான் ராமேசுவரம் தீவில் பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆங்கிலத் தேதி வைத்து வருஷா வருஷம் மாறாமல் வரும் பெரிய விழாக்கள் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது இரண்டு கிறிஸ்தவத் திருவிழாக்கள்: ஜூலை 25 தங்கச்சிமடம் சந்தியாகப்பர் கோயில் திருவிழா, பிப்ரவரி 4 ஓரியூர் அருளானந்தர் திருவிழா. மற்றதெல்லாம் நிலாவைப் பார்த்துத்தான். ராமேசுவரத்தில் கூட்டம் சேர்வது அமாவாசைக்கு. உத்தரகோசமங்கை சிவன் கோயில் திருவாதிரை மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி வரும். ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு பிறைக் கணக்கு என்பதால் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா தவக்காலத்தில் வரும். தவக்காலம் ஈஸ்டரை வைத்து, ஈஸ்டரோ பௌர்ணமியை வைத்து. அதனால் போன வருஷத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து இந்த வருஷம் கிளம்பி வந்தால் ஏமாந்துதான் போவீர்கள். ஒரு தமிழ்ப் பஞ்சாங்கம் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஊர்க்காரர் ஒருவரைப் போனில் கேட்டுவிடுங்கள்.

முதலில் கச்சத்தீவைச் சொல்கிறேன், ஏனென்றால் இப்படி ஒரு திருவிழாவை எந்தப் பெரிய நகரத்திலும் பார்க்க முடியாது. 285 ஏக்கர் தீவு, யாரும் குடியிருக்கவில்லை. அங்கே ஒரே ஒரு அந்தோணியார் கோயில். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனபோதும், திருவிழாவுக்கு நம் பக்கத்துப் பக்தர்கள் விசா இல்லாமல் போய்வரலாம் என்ற உரிமை அதில் எழுதப்பட்டது. பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ இரண்டு நாள் நடக்கும். ராமேசுவரம் வேர்க்கோடு சூசையப்பர் கோயில் பங்குதான் பயணத்தை ஒருங்கிணைக்கிறது. முன்கூட்டியே பெயர் கொடுத்து, அடையாளச் சான்று கொடுத்து, பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடித்துத்தான் படகு ஏற வேண்டும். படகுகளும் மீன்பிடிக்கப் போகிற அதே படகுகள்தான். அந்த இரண்டு நாளைக்கு வலையைக் கரையில் இறக்கி வைத்துவிடுவார்கள், பெண்களும் வயதானவர்களும் ஏறிவிடுவார்கள்.

முதல் நாள் சாயங்காலம் கொடியேற்றம், சிலுவைப்பாதை, ராத்திரி தேர்பவனி. மறுநாள் காலையில் கூட்டுத் திருப்பலி முடிந்ததும் கொடி இறங்கும், படகுகள் திரும்பும். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் அங்கே போகிறவர்கள் அதற்காக மட்டும் போவதில்லை. யாழ்ப்பாணம், நெடுந்தீவு, மன்னார் பக்கத்துச் சனங்களும் அதே மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் கொண்டான் கொடுத்தான் உறவு இருந்த குடும்பங்கள் உண்டு. என் அப்பத்தா சொல்லும்: இங்கிருந்து சேலையும் சாரம் என்கிற கைலியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கிருந்து தேங்காய் எண்ணெயும் சோப்பும் வாங்கி வருவார்களாம். போர்க் காலத்தில் பல வருஷம் இது நின்றுபோனது. அதற்குப் பிறகு முதல் தடவை போனவர்கள், "நீங்க இன்னார் மகன்தானே?" என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துக் கட்டிப்பிடித்து அழுத கதைகள் எங்கள் தெருவில் நிறைய உண்டு.

இதில் ஒரு வருத்தமும் இருக்கிறது. 2024-இல், எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட மீனவர்களுக்கு இலங்கையில் சிறைத்தண்டனை கொடுத்ததைக் கண்டித்து, ராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவுக்கே போகாமல் புறக்கணித்தார்கள். அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்ட மெழுகுவர்த்தியை வீட்டு மாடத்திலேயே ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கடலில் ஆண்கள் படுகிற பாடும் இந்தத் திருவிழாவும் வேறுவேறு விஷயமில்லை. வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வந்தால் நன்றாக இருக்கும். உல்லாசப் பயணம் என்று நினைத்துப் பெயர் கொடுக்காதீர்கள். வேண்டுதலோடு காத்திருக்கும் ஒருவருக்கு அந்த இடம் போகட்டும்.

அடுத்தது ஏர்வாடி. சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீத் பாதுஷா தர்கா. துல்கஃதா என்ற இஸ்லாமிய மாதத்தில் மௌலிது என்ற புகழ்ப்பாடல் ஓதித் தொடங்கி, கொடி ஏற்றி, பிறகு ஒரு ராத்திரி சந்தனக்கூடு. விளக்கு அலங்காரத்தோடு தேர் மாதிரியான அந்தக் கூடு ராத்திரி முழுக்க ஊர்வலமாக வந்து, விடிகிற நேரத்தில் தர்காவை அடையும். அப்புறம் பாதுஷாவின் அடக்கத்தலமான மக்பராவில் சந்தனம் பூசுவார்கள். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். இந்தக் கூட்டில் இந்துக் குடும்பங்களுக்கும் வழிவழியாகப் பங்கு உண்டு. மத நல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறார்களே, இங்கே அது யார் எந்த வேலைக்கு எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்ற ஏற்பாடாகவே இருக்கிறது. யாரும் அதை விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். டீக்கடை பாய் ஒருவர் எங்களைப் பார்த்து, "கூடு வர விடிஞ்சிரும்மா, பிள்ளைகளை இந்தத் திண்ணையில படுக்க வைங்க" என்று சொல்லிப் பாயும் கொடுத்தார்.

ஏர்வாடிக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மனநலம் குன்றியவர்களைக் குணமாகும் என்று நம்பி அழைத்து வருகிற இடம் அது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் உயிர் போனது. அதற்குப் பிறகுதான் அந்த மாதிரிக் காப்பகங்களை மூடினார்கள். இன்றும் நோயாளிகளும் அவர்கள் குடும்பங்களும் வருகிறார்கள். அவர்களை தயவுசெய்து செல்போனில் படம் பிடிக்காதீர்கள். கூட்டை எடுங்கள், விளக்கை எடுங்கள், அது போதும்.

ராமேசுவரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமிருக்காது. கூட்டத்துக்குப் பயந்தவர்கள் திருப்புல்லாணி பக்கத்திலுள்ள சேதுக்கரைக்கோ, கடலுக்குள் நவபாஷாணக் கற்கள் இருக்கும் தேவிபட்டினத்துக்கோ போகலாம் என்றால், அன்றைக்கு அங்கேயும் கூட்டம்தான். ஆனால் ஒன்று, வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாதது: ஆடித் திருக்கல்யாணத்திலும் மாசித் திருவிழாவிலும் சில நாள் கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள். ராமர் பாதம், தபசு மண்டபம் என்று சுவாமியும் அம்பாளும் மண்டகப்படிக்கு வெளியே போய்விடுவதால், அவர்கள் திரும்பும் வரை உள்ளே தரிசனமும் கிடையாது, 22 தீர்த்தக் குளியலும் கிடையாது. அன்றைக்கு ரயில் இறங்கி வந்து கோபுர வாசலில் சோர்ந்து நிற்கும் வடநாட்டுக் குடும்பங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். சுவாமி போன பக்கம் நீங்களும் நடந்தால் தரிசனம் திறந்த வெளியிலேயே கிடைக்கும். கர்ப்பகிருகத்து வரிசையைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும்.

ஆனி வாக்கில் ராமலிங்கப் பிரதிஷ்டை விழா மூன்று நாள். அதில் இரண்டாம் நாள் விபீஷணர் பட்டாபிஷேகம், தனுஷ்கோடி போகிற வழியில் கடலுக்கு நடுவில் நிற்கும் கோதண்டராமர் கோயிலில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரே போனபோது தப்பி நின்ற கோயில் அது. சிறு கூட்டம், நல்ல காற்று, அமைதியாகப் பார்க்கலாம்.

கோடையில் வருகிறவர்களுக்கு வேறு கதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். தேரை இழுக்கவும் பந்தல் போடவும் ஆள் இருக்கிற மாதங்கள் இவை. தொண்டிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடத்துவார்கள். இன்ஜின் கிடையாது, காற்றும் கையும்தான். இதற்கெல்லாம் விளம்பரம் வராது. ஊர்ச் சுவரில் ஒட்டின நோட்டீஸ்தான்.

முளைப்பாரி ஊருக்கு ஊர் வேறு மாதத்தில் வரும், ஆடியிலும் உண்டு, பங்குனியிலும் உண்டு. நகரத்தில் மேடையில் நாட்டுப்புறக் கலை என்று பத்து நிமிஷம் காட்டுவதை மட்டும் பார்த்தவர்கள் இதை ஒரு தடவையாவது ஊரில் பார்க்க வேண்டும். காப்புக் கட்டின அன்று மண் ஓட்டில் எருவும் வைக்கோலும் போட்டு, ஊறவைத்த பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை விதைத்து, வெளிச்சம் படாத ஒரு வீட்டில் வைப்பார்கள். வெயில் படாததால் முளை பச்சையாகாமல் வெளிர் மஞ்சளாக ஒரே சீராக எழும்பும். அந்த வீட்டுக்குள் போய்த் தண்ணீர் தெளிக்கிற பெண் விரதம் இருப்பாள். ராத்திரிதோறும் வெளியே கும்மி. முளை நன்றாக வந்தால் மழையும் மகசூலும் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை, அதனால் கடைசி நாள் ஓட்டை வெளியே எடுக்கும்போது எல்லாப் பெண்களுக்கும் நெஞ்சு படபடக்கும். அப்புறம் தலையில் சுமந்து ஊர் சுற்றி, ஊருணியிலோ கடலிலோ கரைப்பார்கள். வேடிக்கை பார்க்க நின்றாலும் யாராவது ஒரு ஆத்தா கையைப் பிடித்து, "என்னத்தா சும்மா நிக்கிற, வந்து ரெண்டு சுத்து அடி" என்று இழுத்துவிடும். மறுக்காதீர்கள். கும்மிக்குக் கால் தானாகவே பழகும்.

நீங்கள் கச்சேரிப் பிரியர் என்பதால் நவராத்திரியையும் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் அரண்மனை ராஜராஜேஸ்வரி அம்மன் கோயில் நவராத்திரி, ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்திலிருந்து வருவது. பாஸ்கர சேதுபதி காலத்தில் இந்த அரண்மனை பெரிய வித்வான்களை ஆதரித்த இடம். பூச்சி சீனிவாச ஐயங்கார் இங்கே ஆஸ்தான வித்வானாக இருந்தார். இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர் என்று சொல்லப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு அவர். நீங்கள் சபாவில் உட்கார்ந்து கேட்கிற கச்சேரிக்கு எங்கள் ஊர் அரண்மனையோடு இப்படி ஒரு தொடர்பு உண்டு. விஜயதசமி அன்று சாயங்காலம் அம்மன் புறப்பட்டு மகர்நோன்புத் திடலில் அம்பு விடுகிற நிகழ்ச்சியைக் கட்டாயம் பாருங்கள்.

இனி உங்கள் டிசம்பர் லீவு. அதற்கு என் பதில் உத்தரகோசமங்கை. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் உருகிப் பாடின தலம். சிவனுக்கு ஆகாது என்று மற்ற கோயில்களில் ஒதுக்குகிற தாழம்பூவை இங்கே சாத்துவார்கள். மரகத நடராஜர் ஐந்தரை அடி உயரம் என்பார்கள். மேளச் சத்தத்துக்கே மரகதம் விரிசல் விடும் என்று சொல்லி, வருஷம் முழுக்க மேனியில் சந்தனம் பூசி வைத்திருப்பார்கள். திருவாதிரைக்கு முதல் நாள் காலையில் அந்தச் சந்தனத்தைக் களைவார்கள். அன்று பகலும் ராத்திரியும் பச்சை மேனியாகத் தரிசனம், ராத்திரி அபிஷேகம், விடிகாலை ஆருத்ரா தரிசனத்தோடு புதுச் சந்தனம் பூசிவிடுவார்கள். களைந்த சந்தனத்தைப் பிரசாதமாக வாங்க அடிதடியாக நிற்கும் கூட்டம்.

இது சில வருஷம் டிசம்பர் கடைசியில் வரும், சில வருஷம் ஜனவரி முதல் பாதிக்குத் தள்ளிப்போகும். ஆகவே லீவுக்கு எழுதிக் கொடுக்கும் முன் திருவாதிரை என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள். ரயிலில் ராமேசுவரம் வரை போகாமல் ராமநாதபுரத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து சிறப்புப் பேருந்து விடுவார்கள். அறை ராமநாதபுரத்தில்தான் கிடைக்கும், அதையும் முன்னாடியே எடுத்துவிடுங்கள். சந்தனம் களைகிற காலை நேரத்துக்கு அடித்துப்பிடித்து நிற்க வேண்டாம், சின்னப் பிள்ளைகள் நசுங்கிப்போவார்கள். மத்தியானம் வெயில் ஏறினதும் வரிசை கொஞ்சம் இளகும், அப்போது போங்கள். ராத்திரி அபிஷேகம் பார்க்க ஆசையிருந்தால் பிரகாரத்தில் விரித்து உட்காரப் போர்வை ஒன்று எடுத்துவாருங்கள், மார்கழி வாடை குளிரும்.

மறுநாள் தூக்கம் தெளிந்ததும் கீழக்கரை போய்ப் பழைய ஜும்மா பள்ளியின் கல் தூண்களைப் பார்த்துவிட்டு, தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டியது. ஊர் போய்ச் சேரும்வரை கெடாது.