ப்ளஸ் டூ மார்க்கா, என்ட்ரன்ஸ் மார்க்கா?

கேள்வி (ஒரு வாசகி, கரூர்): சார், பையன் ஸ்டேட் போர்டுல ப்ளஸ் டூ படிக்கிறான். கோச்சிங் சென்டர்ல "ஜேஇஇ என்ட்ரன்ஸ மட்டும் பாருங்க, ப்ளஸ் டூ மார்க்க எவனும் கேக்க மாட்டான்"னு சொல்லிட்டாங்க. இவனும் ஸ்கூலுக்கு அடிக்கடி லீவு போடுறான். நெசமாவே மார்க் வேண்டாமாங்க?

பதில்: எந்த காலேஜ்ல கேக்க மாட்டாங்கன்னு நீங்க அப்பவே திருப்பிக் கேட்டிருக்கணும்மா. ஐஐடி, என்ஐடி-ன்னா அவங்க சொல்றது முக்கால்வாசி சரிதான், அங்க ரேங்க் முழுக்க ஜேஇஇ-ய வச்சுத்தான். நடுவுல 2013-லேருந்து கொஞ்ச வருஷம் ஜேஇஇ மெயின் ரேங்க்ல ப்ளஸ் டூவுக்கு 40 சதவீதம் வெயிட்டேஜ் குடுத்துப் பாத்தாங்க, 2017-ல எடுத்துட்டாங்க. ஆனா இப்பவும் ப்ளஸ் டூல 75 சதவீதம் இருக்கணும் (எஸ்சி, எஸ்டி-க்கு 65), இல்லன்னா அவங்கவங்க போர்டுல டாப் 20 பர்சன்டைல்லயாவது (நூறு பேர்ல மொத இருபதுக்குள்ள) வரணும். ரேங்க் வாங்கிட்டு இதுல மாட்டிக்கிட்டா யார்கிட்ட போய் அழுறது?

நம்ம ஊர் இன்ஜினியரிங் கவுன்சிலிங் கதையே வேற. அங்க ஜேஇஇ ஸ்கோர யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, 200-க்கு கட்-ஆஃப், அதுல கணக்கு மார்க் அப்படியே வரும், பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதிப் பாதி. கணக்கு 96, பிசிக்ஸ் 90, கெமிஸ்ட்ரி 94-ன்னா 96+45+47, ஆக 188. ரெண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தா மொதல்ல கணக்கு மார்க்தான் பாப்பாங்க. தமிழ், இங்கிலீஷ் இதுல வராது, பாஸானா போதும். இப்ப லீவு விஷயத்துக்கு வாங்க, பிசிக்ஸ்ல எழுதுற பரீட்சை 70 மார்க்குக்குத்தான், பிராக்டிகல் 20, இன்டர்னல் 10, அந்த இன்டர்னல்ல அட்டென்டன்ஸும் சேத்தி. நடு ரேஞ்சுல அரை மார்க்குக்குள்ள நூத்துக்கணக்குல பசங்க நிப்பாங்க, ஸ்கூல் சும்மா குடுக்கிற மார்க்க எதுக்கு விடணும்? ஜேஇஇ எழுதட்டும், வேணாம்னு சொல்லல, ஆனா ஸ்கூலுக்குப் போகச் சொல்லுங்க.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர், திருவாரூர்): ப்ளஸ் டூ மார்க், நுழைவுத் தேர்வு, ரெண்டுல எது நியாயம்?

பதில்: ஐயா, வம்புல மாட்டி விடுறீங்க. இன்ஜினியரிங், மெடிக்கலுக்கு எம்ஜிஆர் ஆட்சியில வந்த நம்ம ஸ்டேட் நுழைவுத் தேர்வ கலைஞர் ஆட்சியில 2006-ல சட்டம் போட்டு எடுத்தாங்க, மறுவருஷம் ஜனாதிபதி ஒப்புதலும் வந்துச்சு. அப்புறம் மார்க்குதான் எல்லாம்னு ஆனதும் என்னாச்சு, நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்கள்ல ப்ளஸ் ஒன்லயே ப்ளஸ் டூ பாடத்த ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஒரே புக்க உருப்போட வச்சாங்க. அதனால மார்க் ஒண்ணும் சுத்தத் தங்கம் இல்ல. ஆனா நீட் வந்தப்புறம் கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்க மெடிக்கல் பக்கமே வர முடியாம போயி, 2020-ல 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு குடுத்துத்தான் கொஞ்சமாவது உள்ள கூட்டிட்டு வர வேண்டியதாச்சு. புத்தகம் அரசாங்கமே இலவசமா தருது, கோச்சிங் ஃபீஸ யார் தருவா? நம்ம ஓட்டு மார்க்குக்குத்தான்.

கேள்வி (ஒரு மாணவி, தென்காசி): ரெண்டையும் சேத்துப் பாக்குற படிப்பே இல்லையா?

பதில்: இருக்கே, பி.ஆர்க், அதாவது கட்டடக்கலைப் படிப்பு. நம்ம ஸ்டேட் கவுன்சிலிங்ல நாட்டா-ங்கிற (NATA) ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வு ஸ்கோர் 200, ப்ளஸ் டூ மார்க்க 200-க்குக் கணக்குப் போட்டு, மொத்தம் 400-க்கு ரேங்க். படம் வரைய வருமாம்மா?