இரண்டு மணி நேர இலவசம் கேட்கலாமா? கடைவீதி பார்க்கிங் பற்றி ஒரு பதில்

கேள்வி: பெங்களூரு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்தில் பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கிறோம். பக்கத்தில் உள்ள அடுக்குமாடி பார்க்கிங்கில் முதல் ஒரு மணி நேரம் இலவசம். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் பாதியிலேயே 'டைம் ஆயிடுச்சு' என்று எழுந்து போய்விடுகிறார்கள். சந்தில் உள்ள 14 கடைக்காரர்களும் சேர்ந்து, அதை இரண்டு மணி நேரமாக்கச் சொல்லி மனு கொடுக்க நினைக்கிறோம். யாரிடம், எப்படிக் கேட்பது? ஸ்கூட்டரில் வருகிறவர்களுக்கும் சேர்த்துக் கேட்கலாமா?
வாசகி, சிவாஜிநகர்

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் 'வருகிற எல்லோருக்கும் இரண்டு மணி நேரம் இலவசம்' என்று கேட்டுவிடாதீர்கள். அது கிடைத்துவிட்டால், கொஞ்ச நாளில் அதை எடுக்கச் சொல்லி நீங்களே இன்னொரு மனு எழுத வேண்டியிருக்கும். பார்க்கிங் கணக்குப் பார்ப்பதே என் தொழில் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் பார்க்கிங்கில் எத்தனை கார் நிற்கும் என்று நீங்கள் எழுதவில்லை. 120 என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை சாயங்காலம் மணிக்கு 80 கார் உள்ளே வருகிறது, ஒவ்வொன்றும் சராசரியாக ஒன்றேகால் மணி நேரம் நிற்கிறது. அப்படியானால் எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் சுமார் 100 கார் நிற்கும். வருகிற வேகத்தை நிற்கிற நேரத்தால் பெருக்கினால் போதும். ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்த விதி இது. வங்கி வரிசைக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் இதே விதிதான்.

இப்போது இலவச நேரத்தை நீட்டுகிறீர்கள். ஆளுக்கு இருபதே நிமிடம் கூடுதலாக நிற்கிறார்கள் என்று வைப்போம். எண்பதை 95 நிமிடத்தால் பெருக்கி, 60-ஆல் வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 127 கார் வரும். இடமோ 120. மேல்மாடி வரை சுற்றிவிட்டு இறங்குகிற கார், வாசலில் நிற்கிற கார், அதற்குப் பின்னால் ஹாரன் அடிக்கிற ஆட்டோ என்று சந்து முழுக்க அடைத்துவிடும். உங்கள் கடையில் அரை மணி நேரம் அதிகமாக உட்கார வந்த அந்த வாடிக்கையாளர், அதே அரை மணி நேரத்தை இடம் தேடுவதில் தொலைத்துவிட்டு எரிச்சலோடு உள்ளே வருவார். இல்லையென்றால் வரவே மாட்டார்.

இது நம்மூருக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. கலிஃபோர்னியாவில் சான்டா மோனிகாவில் 90 நிமிடம், பக்கத்திலேயே பெவர்லி ஹில்ஸில் இரண்டு மணி நேரம் என்று கடைவீதிப் பார்க்கிங் கட்டடங்களில் இலவசம் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு ஊருக்கும் அருகே லாஸ் ஏஞ்சலஸில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப், வாழ்நாளெல்லாம் இதைத்தான் ஆராய்ந்தார். நூறு இடத்தில் எண்பத்தைந்து நிறைந்து பதினைந்து காலியாக இருந்தால்தான் வருகிறவர் சுற்றாமல் வண்டியை விட முடியும் என்பது அவர் கணக்கு. அதற்கு மேல் நிறைந்தால் வாங்குகிற கட்டணம் போதவில்லை என்று அர்த்தம், அதற்குக் கீழே காலியாகக் கிடந்தால் கட்டணம் அதிகம் என்று அர்த்தம். நான் பார்த்த வரையில் பெங்களூருக்கும் அந்த எண் பொருந்துகிறது. தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் எந்தக் கணக்கும் செல்லாது.

ஆகவே மனு எழுதும் முன் எண்ணுங்கள். இதற்குக் கன்சல்டன்ட் யாரும் வேண்டாம். உங்கள் கடைப் பையன் ஒருவன், ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். ஒரு செவ்வாய், ஒரு சனி. காலை 11 முதல் இரவு 8 வரை அரை மணிக்கு ஒரு சுற்று போய், நிற்கிற ஒவ்வொரு காரின் நம்பரிலும் கடைசி நான்கு எண்ணை எழுதச் சொல்லுங்கள். முடிந்ததும், மொத்தம் எழுதியதை அரை மணியால் பெருக்கி, வேறு வேறு கார் எத்தனையோ அதால் வகுத்தால் ஒரு கார் சராசரியாக நிற்கிற நேரம் தெரிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை சதவீதம் நிறைந்திருந்தது என்பதும் அதே நோட்டில் இருக்கும். காண்ட்ராக்டரிடம் கேட்டு வாங்குகிற கணக்கை நம்ப வேண்டியதில்லை. அவர் பொய் சொல்வார் என்று சொல்லவில்லை, பணம் வாங்கிய வண்டியைத்தான் அவர் எண்ணுவார்.

அந்த நோட்டில் இன்னொன்றும் தெரியும், அதுதான் சங்கடமானது. சில வருடங்களுக்கு முன் இதே ஊரில் ஒரு கடைவீதியில் இப்படி எண்ணினோம். காலை முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை நகராமல் நின்ற கார்களின் பட்டியலைச் சங்கத்துக் கூட்டத்தில் வாசித்தேன். நான்காவது நம்பரைப் படித்ததும் அறையில் சிரிப்பு. எங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த சங்கச் செயலாளரின் வண்டி அது. பட்டியலில் முக்கால்வாசி கடை முதலாளிகளும் அவர்கள் மேனேஜர்களும்தான். உங்கள் சந்தில் அப்படிப் பத்து கார் நின்றால் அதன் விலை என்ன தெரியுமா? பத்து இடம், நாளுக்குப் பத்து மணி நேரம், ஆளுக்கு ஒன்றேகால் மணி என்றால் எண்பது வாடிக்கையாளர். இலவச நேரம் நீளும்போது முதலில் பயன் அடைவது இந்த வண்டிகள்தான். இரண்டு மணிக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, ஒரு வட்டம் அடித்து, மறுபடி உள்ளே விட்டால் போதுமே! இவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மாதப் பாஸ் வாங்கி மேல்மாடிக்கு அனுப்புங்கள். அதே வண்டி அதே நாளில் மறுபடி நுழைந்தால் இலவசம் இல்லை என்பதையும் விதியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் வாடிக்கையாளர் ஏன் எழுந்து ஓடுகிறார் என்று பார்ப்போம். சீட்டில் நேரம் விழுவது வாசலில். சனிக்கிழமை மூன்றாம் மாடியில் இடம் பிடித்து, லிஃப்டுக்கு நின்று, சந்தில் நடந்து உங்கள் கடைக்கு வரவே கால் மணி நேரம் ஆகிவிடும். திரும்பும்போது ரேம்ப்பில் வரிசை. எல்லோரும் ஒரு மணி முடிவதற்கு முன் வெளியேறப் பார்ப்பதால் ஐம்பதாவது நிமிடத்துக்குப் பிறகு அந்த வரிசை இன்னும் நீளும். ஆகப் புடவை பார்க்கக் கிடைப்பது அரை மணிக்குக் கொஞ்சம் மேலே. முகூர்த்தப் புடவையை அரை மணியில் எடுத்த குடும்பம் உண்டா? மாமியார் ஒன்றைப் பிரிக்கச் சொல்வார், பெண்ணின் அத்தை நிறம் சரியில்லை என்பார், பெண் மூன்றாவதைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்பாள்.

அதனால் மனுவின் முதல் வரியில், கட்டணத்தை முடித்த பிறகு வெளியேற 15 நிமிடச் சலுகை கேளுங்கள். அதற்கு யாருக்கும் பெரிய செலவில்லை, மறுக்கவும் கூச்சப்படுவார்கள். அடுத்து, இலவச நேரம் தாண்டினால் தாண்டிய நேரத்துக்கு மட்டும் கட்டணம் போடச் சொல்லுங்கள். பல இடங்களில் 61-வது நிமிடம் வந்ததும் முதல் மணி நேரத்துக்கும் சேர்த்து வசூலிக்கிறார்கள். மக்களை ஓட வைப்பது பெரும்பாலும் இந்தத் தண்டனைதான். முப்பது ரூபாய் போகிறதே என்பதைவிட, ஐந்து நிமிடத்துக்காக இரண்டு மணி நேரக் காசா என்பது உறுத்தும்.

கூடுதல் மணி நேரத்தைப் பில்லோடு கட்டுங்கள். இதற்கு ஒரு நல்ல மாதிரி ஹைதராபாத்தில் இருக்கிறது. தெலங்கானா அரசு 2018-ல் போட்ட ஆணைப்படி, மால்களிலும் வணிக வளாகங்களிலும் முதல் 30 நிமிடம் எல்லோருக்கும் இலவசம். ஒரு மணி நேரம் வரை ஏதாவது ஒரு பில் காட்டினால் இலவசம். அதற்கு மேலே, பில் தொகை பார்க்கிங் கட்டணத்தைவிட அதிகமாக இருந்தால் இலவசம். எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசி வரி. குறைந்தது ஆயிரம் ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்று வைத்திருந்தால் உங்கள் கடைக்குச் சரி, எதிர்ச் சந்தில் லேஸும் பட்டனும் விற்கிறவருக்கு அநியாயம்.

பழைய கணக்குக்கே வருவோம். மணிக்கு வருகிற 80 காரில் 25 மட்டும் பில் காட்டி இருபது நிமிடம் கூடுதலாக நின்றால், நிற்கிற கார் 100-லிருந்து 108 ஆகும். தொண்ணூறு சதவீதம். ஷூப் சொன்னதைவிடக் கொஞ்சம் நெருக்கம்தான், ஆனால் சந்து அடைக்காது. நிரந்தரமாக நிற்கிற அந்தப் பத்து காரை மேலே அனுப்பினால் கீழ்த்தளங்களில் அந்த நெருக்கமும் குறையும்.

பில்லை எப்படிச் சரிபார்ப்பது என்பதில்தான் நிறைய இடங்களில் சறுக்குகிறார்கள். ரப்பர் ஸ்டாம்ப் வேண்டவே வேண்டாம். ஒரு மாதத்தில் பக்கத்து டீக்கடையிலும் அதே ஸ்டாம்ப் இருக்கும். வரிசை எண் போட்ட கூப்பன் பரவாயில்லை. நல்லது எதுவென்றால், கடையில் பில் போடும்போதே வண்டி நம்பரை மொபைலில் அடித்துவிடுவது. ஃபாஸ்டாக் வைத்து உள்ளே விடுகிற இடங்களில் சீட்டே கிடையாது என்பதால் அங்கே இது ஒன்றுதான் வழி. கூடுதல் நேரத்தின் செலவில் ஒரு பங்கைக் கடைகள் ஏற்க வேண்டியிருக்கும். பார்க்கிங் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. மாத மொத்தமாகக் கூப்பன் வாங்கும்போது பில் யார் பேரில் வரும் என்று ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

யாரிடம் கேட்பது? வாசலில் சீட்டுக் கிழிக்கிற பையனிடம் சண்டை போடாதீர்கள், அவன் கையில் ஒன்றுமில்லை. கட்டடம் தனியாருடையது என்றால் நிர்வாகத்திடம் உங்கள் எண்ணிக்கை நோட்டோடு போய் உட்காருங்கள். மாநகராட்சியுடையது என்றால் வழி வேறு. 2025 செப்டம்பரில் ஊர் முழுவதற்கும் ஒரே மாநகராட்சியாக இருந்த பிபிஎம்பி போய் ஐந்து மாநகராட்சி வந்துவிட்டது, சிவாஜிநகர் மத்திய மாநகராட்சியில் வருகிறது. பழைய முகவரிக்கு மனு அனுப்பினால் அது மேஜை மேஜையாகச் சுற்றும். டெண்டர் எடுத்தவர் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டு வந்திருப்பார். இலவசம் கூடினால் அவர் வருமானம் குறையும், ஒப்பந்தத்தில் இடமில்லாமல் அதிகாரி தலையாட்ட மாட்டார். அந்த ஒப்பந்த நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கலாம். பத்து ரூபாய், முப்பது நாள். கர்நாடகத்தில் இந்தத் தகவல் கேட்கும் மனு 150 சொல்லுக்குள், ஒரே விஷயம் பற்றி இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். புது டெண்டர் வருவதற்கு முன் நிபந்தனைகளில் உங்கள் கோரிக்கையைச் சேர்க்க வைப்பது, நடுவில் திருத்துவதைவிடப் பல மடங்கு சுலபம்.

'பார்க்கிங்குக்குக் காசு வாங்குவதே தப்பு என்று கோர்ட்டு சொல்லிவிட்டதாமே' என்று உங்கள் கூட்டத்தில் யாராவது நிச்சயம் எழுந்து சொல்வார். அவர் சொல்வது குஜராத் உயர்நீதிமன்றம் 2019-ல் மால்கள், மல்டிபிளெக்ஸ்கள் பற்றிக் கொடுத்த தீர்ப்பு. அது கர்நாடகத்தைக் கட்டுப்படுத்தாது. மாநகராட்சி டெண்டரில் விட்ட பார்க்கிங் கட்டடம் வேறு விவகாரமும்கூட. அதை மனுவில் எழுதி அதிகாரியை முறைக்க வைக்காதீர்கள்.

வார நாட்களில் பகல் 11 முதல் 4 வரை உங்கள் நோட்டில் பாதி இடம் காலியாகத் தெரிந்தால், அந்த நேரத்துக்கு மட்டும் பில் இல்லாமலே எல்லோருக்கும் இரண்டு மணி நேரம் கேளுங்கள். காலி இடத்தைச் சும்மா வைத்திருப்பதில் யாருக்கு லாபம்? ஆனால் அதற்காகவே கூட்டம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃப்ரீடம் பார்க் அருகே 500 காருக்கு மேல் நிற்கிற பெரிய பார்க்கிங் 2024-ல் திறந்தபோது, உள்ளே காலியாகக் கிடக்க வெளியே காந்திநகர்த் தெருவெல்லாம் வண்டி நின்றது. கடைக்கும் வண்டிக்கும் நடுவே எத்தனை நடை என்பதைத்தான் மக்கள் முதலில் பார்க்கிறார்கள்.

எட்டு வாரச் சோதனை என்று கேட்டால் அதிகாரிக்குச் சம்மதிக்க எளிது. அதை வரமகாலட்சுமியிலோ தீபாவளியிலோ தொடங்காதீர்கள், அந்தக் கூட்டத்தில் எதைச் செய்தாலும் தோற்றதாகத்தான் தெரியும். சனி மாலையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நிறைந்தால் பழையபடி ஒரு மணி நேரத்துக்குத் திரும்பச் சம்மதம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். சோதனை முடிகிற வாரத்தில் அதே பையனை, அதே நோட்டோடு, மறுபடி ஒரு செவ்வாயும் ஒரு சனியும் அனுப்புங்கள்.

ஸ்கூட்டருக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. ஒரு கார் நிற்கிற இடத்தில் ஐந்தாறு ஸ்கூட்டர் நிற்கும், பில் பார்க்கிற வேலையே அந்தச் சேமிப்பைத் தின்றுவிடும். இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் என்று கேளுங்கள். கூடவே, தரைத்தளத்தில் இரண்டு மூன்று கார் இடத்தை ஸ்கூட்டருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஸ்கூட்டரை மூன்றாம் மாடிக்கு ஏற்றச் சொன்னால் யாரும் ஏற்ற மாட்டார்கள், உங்கள் கடை வாசல் படியில்தான் விட்டுவிட்டுப் போவார்கள்.