தொடை வழி ஆஞ்சியோ: ஊசி இறங்க வேண்டிய இடம் எது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஓர் எஸ்டேட்டில் அம்மா கொழுந்து பறிக்கிறார். வயது 57. சர்க்கரை உண்டு, உடம்பும் கொஞ்சம் கனம். நெஞ்சு இறுக்கத்துக்காகக் கோவையில் ஆஞ்சியோ செய்யப் போனோம். மணிக்கட்டில் முயன்று பார்த்துவிட்டு, “ரத்தக்குழாய் ரொம்பச் சின்னது, அடுத்த வாரம் தொடை வழியாகச் செய்யலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். தொடையில் செய்தால் ரத்தம் நிற்காது, கால் நரம்பு போய்விடும் என்று லைன் வீடுகளில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். செய்யலாமா? அன்றே ஊர் திரும்பலாமா?

பதில்: செய்யலாம். அன்றே மலை ஏற வேண்டாம்.

ஆஞ்சியோ என்பது மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாக இருதயம்வரை செலுத்தி, அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பது. ரத்தக்கசிவு குறைவு என்பதால் அந்தக் குழாயை நுழைக்க இப்போது மணிக்கட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது ஒத்துவராதபோது தொடைதான் வழி. ஊசி, கம்பி, குழாய் என்று ஒன்றன்பின் ஒன்றாக நுழைக்கும் முறையை ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் 1953இல் வெளியிட்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் தொடைதான் பெரும்பாலும் வாசலாக இருந்தது.

வயிற்றிலிருந்து இறங்கும் தமனி, தொடை இடுக்கில் சாய்வாக ஓடும் ஒரு தசைநார்ப் பட்டையின் அடியில் நுழைந்து வெளியே வந்ததும் தொடைத் தமனி ஆகிறது. நாலைந்து சென்டிமீட்டர் போவதற்குள் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு கிளை தொடைக்குள் ஆழமாகப் போகும், இன்னொன்று முழங்காலை நோக்கி இறங்கும். பிரிவதற்கு முன்னால் உள்ள அந்தச் சின்னத் துண்டில்தான் ஊசி இறங்க வேண்டும். அந்த இடத்தில் தமனிக்குப் பின்னால் தொடை எலும்பின் உருண்டைத் தலை இருக்கிறது. ஒழுகும் ஹோஸ் பைப்பைத் தரையோடு வைத்து அழுத்துவது போல, குழாயை எடுத்தபின் தமனியை அந்த எலும்போடு அழுத்தி ரத்தத்தை நிறுத்திவிடலாம்.

பட்டைக்கு மேலே குத்திவிட்டால் பின்னால் அழுத்த எலும்பு கிடையாது. ரத்தம் வயிற்றின் பின்பக்கம் இறங்கும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் போகலாம். பிரிவுக்குக் கீழே குத்தினால் தமனியை ஒட்டி ரத்தப் பை போன்ற வீக்கம் வரலாம், அல்லது தமனிக்கும் சிரைக்கும் இடையே தவறான இணைப்பு உண்டாகலாம்.

நரம்பு விஷயம்: வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி நரம்பு, தமனி, சிரை என்ற வரிசையில் இருக்கின்றன. துடிப்பது தமனி மட்டும்தான், அதனால் விரலுக்கு அடையாளம் தெரியும். நடை போய்விடும் அளவுக்கு நரம்பு பாதிப்பது மிக அரிது.

அம்மா விஷயத்தில் நான் யோசிப்பது வேறு. உடம்பு கனமானவர்களுக்குத் தொடை மடிப்பு கீழே இறங்கிக் கிடக்கும். அதை நம்பிக் குத்தினால் ஊசி பிரிவுக்குக் கீழே போய்விடலாம். அதனால்தான் எக்ஸ்ரேயில் எலும்புத் தலையைப் பார்த்து இடம் குறிப்பார்கள். அல்ட்ராசவுண்டில் தமனி பிரியும் இடத்தையே பார்த்துக்கொண்டு குத்துவது இன்னும் நல்லது. “அல்ட்ராசவுண்ட் வைத்துச் செய்வீர்களா டாக்டர்?” என்று தாராளமாகக் கேளுங்கள். ரத்தம் கெட்டியாகாமல் இருக்கப் போடும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் அட்டைகளோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

குழாயை எடுத்தபின் கால் மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும், கையால் அழுத்துவார்கள். பிறகு சில மணி நேரம் காலை நீட்டியே படுத்திருக்க வேண்டும். இருமல், தும்மல் வந்தால் அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்றிரவு கோவையிலேயே தங்குங்கள். மறுநாள் டாக்டர் சரி என்றால் காரில், சீட்டைச் சாய்த்துக் காலை நீட்டி வரலாம். கூட்டமான பஸ்ஸில் நின்று, ஒவ்வொரு வளைவிலும் காலை ஊன்றிச் சமாளிப்பது கூடாது. மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி, தொடையில் போட்ட கட்டில் ரத்தம் கசிகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் மலைப்பாதை, வேண்டிய இடத்தில் உதவி கிடைக்காது.

இடுப்பு, முதுகு அல்லது அடிவயிற்றில் வலி, கூடவே தலைசுற்றல், வியர்வை என்றால் வாயு என்றோ பயண அலுப்பு என்றோ தள்ளிவிடாதீர்கள். உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம், உடனே 108. வெளியே ரத்தம் வந்தால் அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, தோலில் உள்ள துளைக்குச் சற்று மேலே இன்னொருவர் பலமாக அழுத்த வேண்டும். ஊசி சாய்வாகப் போவதால் தமனியில் உள்ள துளை அங்கேதான் இருக்கும். அழுத்திய கையை எடுக்காமலே 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். சில நாள் கழித்து அந்த இடத்தில் துடிக்கிற மாதிரி வீக்கம் தெரிந்தால் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) வேண்டும். தொடையில் நீலம் பாரித்துக் கீழே இறங்குவது பலருக்கும் வருவதுதான்.

இன்னொன்று, கோத்தகிரிக் குளிரில் காலையில் இரண்டு பாதமும் சில்லென்றுதான் இருக்கும். ஒரு பாதம் மட்டும் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால்தான் அவசரம்.

ஒரு வாரத்துக்குக் கொழுந்து மூட்டை தூக்குவது, சரிவில் ஏறுவது, குத்துக்காலிட்டு உட்காருவது வேண்டாம். இருதயத்துக்காக அதற்கு மேலும் ஓய்வு தேவையா என்பது ஆஞ்சியோ முடிவைப் பொறுத்தது. டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இதை எழுதித் தரச் சொல்லுங்கள், எஸ்டேட்டில் லீவு கேட்கக் காட்டலாம்.