ராட்டினத்தின் மேல் நிற்பவர்

அன்புள்ள ஐயா,

பழைய வெளிநாட்டுப் புகைப்படங்கள் சிலவற்றை இணையத்தில் பார்த்தேன். பறக்கிற விமானத்தின் இறக்கையில் நின்று இருவர் டென்னிஸ் ஆடுகிறார்கள். ஒரு பெண் குதிரையோடு உயரத்திலிருந்து தண்ணீருக்குள் பாய்கிறாள். பெல்ட் இல்லை, வலை இல்லை. எங்கள் ஐயா (தாத்தா) வீட்டு ஆல்பத்திலிருந்த ஒரு திருவிழாப் படத்தையும் இணைத்திருக்கிறேன். ராட்டினப் பெட்டியில் ஐயாவும் அவர் தம்பியும். இன்று என் மகள் ரப்பர் தரை போட்ட பூங்காவில், என் இடுப்பு உயரச் சறுக்குமரத்தில் விளையாடுகிறாள். அந்தத் துணிச்சல் எங்கே போனது? பாதுகாப்பு, விதி என்று சொல்லியே பிள்ளைகளைக் கோழையாக்குகிறோமா? சிராவயல் மஞ்சுவிரட்டுக்கும் இந்தக் கதிதானா?

எஸ்., சென்னை (சொந்த ஊர் தேவகோட்டை)

அன்புள்ள எஸ்,

சிராவயலை முதலில் முடித்துவிடுகிறேன். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டையெல்லாம் தடுத்தது. 2017இல் இங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 மே மாதம் அந்தத் திருத்தம் செல்லும் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. தை பிறந்தால் பொட்டலில் மாடு ஓடத்தான் போகிறது, கவலை வேண்டாம். அங்கே குத்துப்படுகிறவர்களில் பலர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் யார் வீட்டுப் படங்களையோ புரட்டிவிட்டு வந்திருந்தேன். தேக்குச் சட்டத்துக்குத்தான் விலை, உள்ளே இருக்கும் ஆளுக்கு இல்லை. ஒரு படத்தில் செட்டியார் கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கிறார். ஓரத்தில் குடை பிடித்த ஒரு கை, முழங்கையோடு சரி. அதற்கு மேல் படம் இல்லை. அந்தக் கை என்னை விடவே இல்லை.

இப்போது உங்கள் படங்களுக்கு வருவோம். விமான இறக்கையில் டென்னிஸ் ஆடுகிறவர்கள் இவான் அங்கரும் கிளாடிஸ் ராயும், 1925ஆம் ஆண்டு. அந்தக் காற்றில் பந்து எப்படி ஐயா நிற்கும்? அது படத்துக்காகக் கொடுத்த போஸ். ஊர் ஊராகப் போய் வானத்தில் வித்தை காட்டிப் பிழைத்தவர் கிளாடிஸ். இரண்டு வருடம் கழித்து, தரையில் நின்றிருந்த விமானத்தின் சுழலும் விசிறியில் அடிபட்டு இறந்துபோனார். குதிரையோடு பாய்கிறவர் யாரென்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டியில் அப்படிப் பாய்ந்துகொண்டிருந்த சொனோரா வெப்ஸ்டர் கார்வருக்கு 1931இல் ஒரு பாய்ச்சலில் இரண்டு கண்ணும் போயிற்று. அதற்குப் பிறகும் பார்வையில்லாமலே வருடக்கணக்கில் குதித்தார். 1901இல் நயாகரா அருவியில் பீப்பாய்க்குள் அடைபட்டு விழுந்து பிழைத்த ஆனி டெய்லர் ஒரு பள்ளி ஆசிரியை. அன்று அவருக்கு 63ஆவது பிறந்தநாள். வயதான காலத்துக்குக் காசு சேரும் என்று நம்பித்தான் இறங்கினார். காசு சேரவில்லை, 1921இல் ஏழையாகவே செத்தார்.

இதையெல்லாம் துணிச்சல் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். தைரியசாலிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அது அவர்கள் பிழைப்பு. டிக்கெட் வாங்கி அண்ணாந்து பார்த்த கூட்டத்துக்குத்தான் அது பொழுதுபோக்கு. நூறு வருடம் கழித்து நீங்களும் அதே கூட்டத்தில் போய் நின்றுகொண்டு, டிக்கெட்கூட எடுக்காமல், 'எங்கே போனது துணிச்சல்' என்று கேட்கிறீர்கள்.

காசு கொடுத்து ஏறினவர்கள் பாடு மட்டும் என்ன? 1895இல் நியூயார்க்கின் கோனி தீவில் தண்டவாளத்தை முழு வட்டமாக வளைத்து ஒரு வண்டி விட்டார்கள். வளைவில் நுழைந்த வேகத்தில் கழுத்து வெட்டி இழுத்தது. 1901இல் வந்த அடுத்த வண்டிக்கு வட்டத்தை முட்டை வடிவமாக்க வேண்டியிருந்தது. கனடாவில் கிரிஸ்டல் பீச் என்ற இடத்தில் 1927இல் திறந்த ஒரு ரோலர் கோஸ்டருக்கு ஏறுமிடத்திலேயே ஒரு நர்ஸை நிறுத்தி வைத்தார்கள்.

உங்கள் ஐயா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் பெட்டிக்கு மேலே, குறுக்குச் சட்டத்தில் இரண்டு கால்கள் தெரிகின்றன. கவனித்தீர்களா? மோட்டார் வராத நாளில் ராட்டினம் ஆளால்தான் சுற்றியது. ஒருவர் சட்டங்களைப் பிடித்து ஏறி உச்சிக்குப் போவார். அங்கிருந்து சட்டத்தைப் பிடித்துத் தொங்குவார். அவர் கனத்தில் அந்தப் பக்கம் இறங்கும், எதிர்ப்பக்கம் ஏறும். தரை வந்ததும் குதித்து விலகுவார், அதற்குள் அடுத்தவர் ஏறியிருப்பார். அச்சில் விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள், அது வழிந்து சட்டமெல்லாம் பிசுபிசுக்கும். அதைத்தான் இவர்கள் பிடித்தாக வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் ஊர்த் திருவிழாவில் அப்படி ராட்டினம் சுற்றுகிற ஒருவர் இருந்தார். கால் பெருவிரலில் எப்போதும் வேட்டிக் கிழிசல் சுற்றியிருக்கும். ஒரு நாள் நான் உச்சியில் இருக்கும்போது ராட்டினம் நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், வளையல் கடை, ஊருணிக்கரை எல்லாம் தெரிந்தன. கீழ்ப்பெட்டியிலிருந்து யாரோ 'ஏம்ப்பா நிறுத்திட்டே, காசு வாங்கலையா' என்று கத்தினார். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அவர் கைநழுவி விழுந்திருக்கிறார். கட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அப்பத்தா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நாங்கள் பொட்டலைத் தாண்டுவதற்குள் வேறொருவர் ஏறிவிட்டார், ராட்டினம் சுற்றத் தொடங்கிவிட்டது. விழுந்தவர் பெயர் என்ன என்று வீட்டில் கேட்டேன். அப்பத்தாவுக்குத் தெரியவில்லை, யாருக்குமே தெரியவில்லை. அடுத்த வருடம் அவர் வரவில்லை.

நீங்கள் அலுத்துக்கொள்கிற விதிகள் இப்படி விழுந்தவர்களால் வந்தவை. உங்களைக் கோழையாக்க யாரும் உட்கார்ந்து எழுதவில்லை.

சரி, உங்கள் மகள். ரப்பர் தரையால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போகாது. 1943இல் டென்மார்க்கில் கோபன்ஹேகன் பக்கம் எம்ட்ரப்பில், பிள்ளைகள் பலகையும் செங்கலும் வைத்துத் தாங்களே கட்டி விளையாட ஒரு மைதானம் திறந்தார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரையும் நியமித்தார்கள். அந்த வேலையை நீங்கள் செய்யலாமே? பூங்கா பெஞ்சில் செல்போனைப் பார்த்துக்கொண்டு குழந்தையின் துணிச்சலுக்கு ஏங்குவதில் அர்த்தமில்லை. லீவுக்கு ஊருக்குக் கூட்டிப் போய் ஊருணியில் நீச்சல் பழக்குங்கள். உங்களுக்கு நீச்சல் தெரியுமா? கடிதத்தில் அதை எழுதவில்லை.

அப்புறம் ஒன்று. அந்த ராட்டினப் படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் பெயர்தான் இருக்கும். இருந்தாலும் அனுப்புங்கள்.